கொடுவா மீனும் புளியங்கொட்டைக் கணக்கும்

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடத்தை முடித்த அன்று, "மீன்வளம் குறையாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். "சின்ன மீனை விட்டுட்டுப் பெரிசை மட்டும் பிடிக்கணும் சார்" என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "கொடுவாவுல பெரிசுலதான் சார் சினை இருக்கும். சின்னதை அறுத்தா சினையே பார்க்க முடியாது. அப்போ பெரிசையெல்லாம் பிடிச்சுட்டா?"

அவளுடைய அம்மா மீன் அறுத்து விற்பவர். நான் படிக்காமல் விட்டதை அவள் அரிவாள்மணையில் பார்த்திருக்கிறாள்.

அன்று மாலைதான் தேடிப் படித்தேன். கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்கிறது. 3, 4 வயதில் இனப்பெருக்கத்தில் ஆணாகப் பங்கெடுக்கிறது. பிறகு ஏறத்தாழ 5 முதல் 7 வயதுக்குள் விந்தகம் சூலகமாக மாறி, அதே மீன் பெண்ணாகிவிடுகிறது. ஆகவே ஒரு மீட்டரைத் தாண்டிய கொடுவாவில் பெரும்பாலானவை பெண்கள். ஆற்றிலும் கழிமுகத்திலும் வளரும் இம்மீன், முட்டையிட உப்பு மிகுந்த முகத்துவாரத்துக்கு வருகிறது. கருவுறுதல் நீரில் நிகழ்கிறது. குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குள் போய்ச் சேர்கின்றன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவை வளர்ப்புச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. தாய் மீன் கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால் அது எளிய வேலையல்ல.

மறுநாள் "நேற்று நான் சொன்னது கொடுவாவுக்குப் பொருந்தாது" என்று தொடங்கினேன். விளக்கத்தைவிட ஆட்டம்தான் அவர்களுக்குப் பிடித்தது. தரையில் மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றிலும் 20 புளியங்கொட்டை (ஆண்), 5 மொச்சை (பெண்). ஒவ்வொரு சுற்றிலும் முதலில் மீன்பிடிப்பு. பிறகு, வட்டத்தில் ஆணும் இருந்தால் மட்டும், மிஞ்சிய மொச்சை ஒன்றுக்கு 2 புளியங்கொட்டை புதிதாகச் சேரும். கடைசியாக 2 புளியங்கொட்டையை எடுத்துவிட்டு 2 மொச்சை வைக்க வேண்டும். அதுதான் பால் மாற்றம். இந்த எண்கள் ஆட்டத்துக்காக நான் வைத்தவை, கடலின் கணக்கல்ல. இயற்கை இறப்பையும் சேர்க்கவில்லை.

முதல் குழு மொச்சையை மட்டும், இருப்பதையெல்லாம் பிடித்தது. ஐந்து சுற்றில் 13 கிடைத்தது. புதிதாகக் குஞ்சு ஒன்றுகூடச் சேரவில்லை. இரண்டாம் குழு புளியங்கொட்டையை முழுதாக அள்ளியது. முதல் சுற்றில் 20, அதன்பின் பூஜ்யம். ஐந்து மொச்சையும் துணையின்றிக் கிடந்தன. மூன்றாம் குழுவுக்குச் சுற்றுக்கு 4 புளியங்கொட்டை, 2 மொச்சை என்று வரம்பு. அவர்களுக்கு மொத்தம் 30 கிடைத்தது. வட்டத்தில் மறுபடியும் அதே 20, 5. கரும்பலகையில் 13, 20, 30 என்று எழுதியதும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவையும், பொதுவாக 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் திரும்ப நீரில் விட வேண்டும் என்ற விதியை அப்போதுதான் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் மனப்பாடமாகப் போயிருக்கும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், முகத்துவாரத்தில் வலைவிடும் நாட்டுப்படகுகளுக்கு அல்ல என்பதை மாணவர்களே எனக்குச் சொன்னார்கள்.

கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பெரிய கொடுவாவுக்குத்தான் நல்ல விலை. அந்தப் பணத்தில்தான் பல வீடுகளில் பள்ளிக் கட்டணமும் சீருடையும். பாடம் பிள்ளைகளின் அப்பாக்கள் மீதான குற்றச்சாட்டாக மாறிவிடக் கூடாது.

மணி அடிக்கும்போது ஒரு மாணவன் கேட்டான்: "நாங்க விட்டா பக்கத்துப் படகு பிடிச்சுடுமே சார்?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த பாடவேளையில் ஒரே வட்டத்தைச் சுற்றி இரண்டு குழுக்களை உட்கார வைத்தேன். எவ்வளவு பிடிப்பது என்று பேசி முடிக்கவே அவர்களுக்கு இருபது நிமிடம் ஆனது.