பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க!

மாவு பிசைஞ்சு, ரெண்டு தடவை பொங்க விட்டு, ஓவன்ல வச்சு எடுக்குறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமையே போயிடும். அவ்வளவு கஷ்டப்பட்டு வீட்டுல செஞ்ச பிரெட்டை, "கெட்டுப் போயிடுமே"ன்னு நாம ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுறோம். மறுநாள் எடுத்தா கட்டை மாதிரி இருக்கு. சரி, வெளியே வச்சா? மூணாவது நாள் பச்சையா பூசணம். அப்போ எங்கதான் வைக்கிறது?

பிரெட் வீணாப் போறதுக்கு ரெண்டு தனித்தனி காரணம் இருக்கு. ஒண்ணு இறுகிப் போறது, இன்னொண்ணு பூசணம். ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னு நாம நினைக்கிறதுலதான் சிக்கலே ஆரம்பிக்குது.

இறுகுறது வேற, காயுறது வேற

தண்ணி வத்திப் போறதாலதான் பிரெட் இறுகுதுன்னு பலரும் நினைக்கிறாங்க. பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-லேயே இதைச் சோதிச்சுப் பார்த்தார். ஈரம் கொஞ்சமும் வெளியே போகாதபடி மூடி வச்ச பிரெட்டும் இறுகிடுச்சு. அதைச் சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினா திரும்ப மிருதுவாச்சு. அப்படின்னா தண்ணி உள்ளேயேதான் இருக்கு; மாறினது வேற ஏதோ.

அந்த வேற ஏதோதான் ஸ்டார்ச். மைதாவுல பெரும்பகுதி இதுதான். ஸ்டார்ச்சுக்குள்ள அமைலோஸ், அமைலோபெக்டின்னு ரெண்டு பாலிமர் உண்டு. ஓவன்ல மாவு 60 டிகிரியைத் தாண்டும்போது ஸ்டார்ச் துகள்கள் தண்ணியை உறிஞ்சி உப்பும். அதோட படிக ஒழுங்கு குலையும். அதனாலதான் புது பிரெட் அவ்வளவு மிருது. ஆறத் தொடங்கினதும் அந்த மூலக்கூறுகள் மறுபடி வரிசையில நிக்க ஆரம்பிக்கும். அமைலோஸ் சில மணி நேரத்துல செட் ஆயிடும். ஆறின பிரெட்டை மட்டும்தான் நல்லா ஸ்லைஸ் போட முடியுதுன்னா காரணம் இதுதான். அமைலோபெக்டின் மெதுவா, நாள்கணக்குல படிகமாகும். நம்ம பிரெட்டைக் கட்டையாக்குறது இந்த இரண்டாவது ஆள். பெயர்: ரெட்ரோகிரடேஷன்.

இது உங்களுக்குப் புதுசு இல்ல. நேத்து வடிச்ச சோறை ஃப்ரிட்ஜுல வச்சா விறைச்சுப் போகும், சூடு பண்ணினா சரியாகும். அதே கதைதான்.

மெக்கானிக்கல் மக்களுக்குத் தெரிஞ்ச மூக்கு

மெட்டலர்ஜில படிச்ச டிடிடி வரைபடம் ஞாபகம் இருக்கா? அந்த சி வடிவ வளைவோட மூக்குப் பகுதியிலதான் மாற்றம் ரொம்ப வேகமா நடக்கும். பிரெட்டுக்கும் கிட்டத்தட்ட அதே லாஜிக். வெப்பம் அதிகமா இருந்தா படிகக் கரு உருவாகாது. உறைநிலைக்கு ரொம்பக் கீழே போனா மூலக்கூறு நகரவே முடியாது. நடுவுல ஒரு இடத்துல வேகம் உச்சத்துக்குப் போகும். பிரெட்டுக்கு அந்த இடம் உறைநிலைக்குச் சற்று மேலே. நம்ம ஃப்ரிட்ஜோட 4 டிகிரி கச்சிதமா அந்த மூக்குலதான் உட்கார்ந்திருக்கு! ஃப்ரீசரோட மைனஸ் 18 டிகிரி அதைத் தாண்டிடுது.

அதனால ஃப்ரிட்ஜ் பூசணத்தைத் தள்ளிப்போடும், ஆனா இறுகுறதை வேகப்படுத்தும். ஃப்ரீசர் ரெண்டையும் பிரேக் போட்டு நிறுத்தும்.

பூசணம்

ஓவன் சூட்டுல பூசண வித்துகள் செத்துடும். அதுக்கப்புறம் காத்து, கத்தி, கை வழியாத்தான் புதுசா வருது. நம்ம ஊர் வெப்பமும் ஈரமும் அதுக்கு விருந்து. கடை பிரெட் மட்டும் எப்படித் தாங்குது? கவர்ல 282-ன்னு ஒரு எண் இருக்கான்னு பாருங்க. அது பூசணத்தைத் தடுக்குற கால்சியம் புரோப்பியோனேட். 471 இருந்தா, அது இறுகுறதைத் தள்ளிப்போடுற எமல்சிஃபையர். வீட்டு பிரெட்டுல இந்த ரெண்டுமே கிடையாது.

ஒரு முக்கியமான விஷயம்: ஒரு ஓரத்துல பூசணம் தெரிஞ்சா, அதை மட்டும் பிச்சுப் போட்டுட்டு மீதியைச் சாப்பிடாதீங்க. பிரெட் துளை துளையா இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே பரவியிருக்கலாம். சில பூசணங்கள் உண்டாக்குற நச்சு, டோஸ்ட் பண்ணினாலும் போகாது.

சரி, என்ன பண்ணலாம்?

1. மாவு பிசையும்போதே எண்ணெயோ வெண்ணெயோ சேருங்க. 500 கிராம் மைதாவுக்கு 25 கிராம் போதும். கொழுப்பு இறுகுறதைத் தாமதமாக்கும்.

2. அந்த மைதாவுலேயே 25 கிராம் எடுத்து, 125 மில்லி தண்ணியில கரைச்சு, கூழ் பதம் வர்ற வரை கிளறி ஆறவச்சு மாவுல சேருங்க. மொத்தத் தண்ணியில இதைக் கழிச்சுக்கணும். இதுக்கு டாங்ஜோங்னு பேர். வெந்த ஸ்டார்ச் நிறைய தண்ணியைப் பிடிச்சு வைக்கிறதால பிரெட் கூடுதல் நாள் மிருதுவா இருக்கும்.

3. பேக் பண்ணினதும் கம்பி ஸ்டாண்டுல வச்சு முழுசா ஆறவிடுங்க. ரெண்டு மணி நேரமாவது ஆகும். சூட்டோட கவர்ல போட்டா உள்ளே நீர் கோர்க்கும், பூசணம் சீக்கிரம் வரும்.

4. ரெண்டு நாளுக்குள்ள தீர்ந்துடும்னா, மூடின டப்பாவுல வெளியிலேயே வைங்க.

5. மீதியை அன்னிக்கே ஸ்லைஸ் போட்டு, காத்தை வெளியேத்தி ஜிப் கவர்ல ஃப்ரீசர்ல வைங்க. நாளைக்கு, நாளான்னிக்குன்னு தள்ளாதீங்க. எந்த நிலையில உறைய வைக்கிறீங்களோ அந்த நிலையிலதான் திரும்பக் கிடைக்கும். சாப்பிடும்போது தேவையான ஸ்லைஸை மட்டும் நேரா தோசைக்கல்லுலயோ டோஸ்டர்லயோ போடுங்க.

6. ஏற்கெனவே இறுகிடுச்சா, பூசணம் இல்லன்னா, லேசா தண்ணி தெளிச்சுச் சூடு பண்ணி உடனே சாப்பிட்டுடுங்க. ஆறினா மறுபடி இறுகும்.

நம்ப முடியலையா? ஒரே பிரெட்டுல மூணு ஸ்லைஸ் எடுத்து, எடை பார்த்து, மூணு ஜிப் கவர்ல இறுக்கமா மூடுங்க. ஒண்ணு வெளியே, ஒண்ணு ஃப்ரிட்ஜ், ஒண்ணு ஃப்ரீசர். ரெண்டாவது நாள் ஃப்ரீசர் ஸ்லைஸை கவரோட வெளியே வச்சு உறைநிலை போனதும், மூணையும் எடை போட்டு, விரலால அழுத்திப் பாருங்க. ஃப்ரிட்ஜ் ஸ்லைஸோட எடை பெருசா குறைஞ்சிருக்காது. ஆனா மூணுலயும் அதுதான் கட்டியா இருக்கும்.