பட்டியலில் விடுபட்ட எண்

நுழையும்முன்

பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதனை மீதியின்றி வகுக்கும் எண்களோ 5040. கணிதமேதை இராமானுஜனின் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டிய அவ்வெண் விடுபட்டுப்போயிற்று. அதன் இயல்பினை இப்பாடம் விளக்குகிறது.

உயர்பகு எண்

சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேட்டில் காப்பி நாற்றங்கால் ஒன்றைக் கற்பனை செய்வோம். 61 நாற்றுகளைச் சமமான வரிசைகளில் அடுக்க முற்பட்டால், ஒரே வரிசையாகவோ வரிசைக்கு ஒன்றாகவோதான் வைக்க இயலும். ஒன்றைக் குறைத்து 60 ஆக்கினால், பன்னிரு வகையாக அடுக்கலாம். 60இன் வகுத்திகள் பன்னிரண்டு என்பதே காரணம். அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னினும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகள் உடைய எண்ணை உயர்பகு எண் எனலாம்.

இராமானுஜன் கண்ட ஒழுங்கு

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், இவ்வெண்களைப் பற்றிய விரிவான கட்டுரையை 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். தாய்நாட்டில் கல்லூரித் தேர்வுகளில் தேர்ச்சி பெறாத அவருக்கு, 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது இவ்வாய்வே.

உயர்பகு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், 2 முதலாகப் பகா எண்கள் இடைவிடாது தொடரும். அவற்றின் அடுக்குகள் ஒருபோதும் ஏறா. 18 = 2 × 3². இதன் அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. இரண்டிற்கும் வகுத்திகள் ஆறே. சிறியதாகிய 12 முந்திக்கொள்வதால், 18 உயர்பகு எண் ஆகாது.

விடுபட்ட எண்

கணினி இல்லாத காலத்தில், 6746328388800 வரை நூற்றுக்கும் மேற்பட்ட உயர்பகு எண்களை இராமானுஜன் பட்டியலிட்டார். அதில் ஒன்றே ஒன்று விடுபட்டது:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

வியப்பு யாதெனில், இவ்வெண்ணை அடுத்த பகா எண்ணாகிய 23ஆல் பெருக்கினால், அப்பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கிறது. விடுபட்டது, இறுதி எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஒரு விடுபாட்டால் இராமானுஜனின் பெருமை குறையவில்லை. ஆயினும், மேதை வகுத்த பட்டியலையும் சரிபார்ப்பதே கணித நெறி. அதற்குரிய கருவி, பள்ளியில் கற்ற பெருக்கலே.

தெரியுமா?

293318625600இன் வகுத்திகள் 5040. 5040இன் வகுத்திகள் 60. 60இன் வகுத்திகள் 12. 12இன் வகுத்திகள் 6. இவை அனைத்தும் உயர்பகு எண்களே.

கற்பவை கற்றபின்

1. 48, 50 ஆகியவற்றின் வகுத்திகளைக் கண்டறிந்து, எது உயர்பகு எண் எனக் காரணத்துடன் விளக்குக.
2. 5040ஐப் பகாக் காரணிப்படுத்தி, அதன் அடுக்குகளின் ஒழுங்கினை வகுப்பறையில் எடுத்துரைக்க.