பெரட்டும் தரவுத்தளமும்

1885-இல் நில அளவைக்காக வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நிற்பது பகாங் மாநிலத்தின் கேமரன் மலை. 1929-இல் ஜே.ஏ. ரசல் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் தேயிலை வளர்த்தவர்களுள் தமிழர் பலர்.

அக்காலத் தோட்டங்களில் பொழுது விடியுமுன்பே பெரட்டுக்கு ஆள் கூடும். இன்னார் கொழுந்து பறிக்க, இன்னார் களை வெட்ட, இன்னார் கவாத்துக்கு என்று மண்டோர் பிரித்துவிடுவார். கிராணி அதைச் செக்குரோலில் குறித்துக்கொள்வார். ஒரே நிரையில் இருவரை விட்டால் அங்கே வேலை நடக்காது, சண்டைதான் நடக்கும்.

இன்று செக்குரோலின் இடத்தில் தரவுத்தளம் வந்துவிட்ட தோட்டம் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். நிறுவை இடத்தில் எழுத்தர் ஒவ்வொருவரின் கொழுந்து எடையையும் கணினியில் பதிகிறார். அதே வேளையில், அலுவலகத்தில் ஒருவர் பல ஆண்டு விளைச்சல் அறிக்கையைக் கேட்கிறார். கணினி இலட்சக்கணக்கான பதிவுகளைப் புரட்டத் தொடங்குகிறது. எடை பதியும் திரை அசையாமல் நிற்கிறது. வெளியே கூடையோடு வரிசை நீள்கிறது, மழை வேறு. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போக வேண்டும். குவிந்து கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். எடை பதியாவிட்டால் பறித்தவரின் கூலியும் கணக்கில் ஏறாது. அறிக்கை கேட்டவர் மீது குற்றமில்லை. அவருக்கு எவரும் எல்லை வகுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த எல்லையை வகுப்பதே 'புரொஃபைல்' எனப்படும் பயனர் வரையறை. ஒரு கணக்கு எந்தப் பதிவைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்பதை உரிமைகள் முடிவு செய்கின்றன. எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதைப் புரொஃபைல் முடிவு செய்கிறது. ஆரக்கிள் தரவுத்தளத்தில், ஒரு கணக்கு ஒரே நேரத்தில் எத்தனை முறை இணையலாம், எத்தனை நிமிடம் சும்மா இருக்கலாம், ஒரு கேள்விக்குச் செயலியின் நேரத்தை எவ்வளவு எடுக்கலாம் என்றெல்லாம் அதில் குறிக்கலாம். செயலி நேரம் நூறில் ஒரு நொடிக் கணக்கில் அளக்கப்படுகிறது. வரம்பு மீறிய கேள்வி பாதியில் நிறுத்தப்படும். தனிப் புரொஃபைல் தரப்படாத கணக்கு பொதுப் புரொஃபைலின்கீழ் வந்துவிடும். அதில் இத்தகைய வளங்களுக்குத் தொடக்கத்தில் வரம்பே இராது. சிக்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எனவே, எடை எழுத்தர், கூலி எழுத்தர், அறிக்கை தயாரிப்பவர் என மூவகைக் கணக்குகளுக்கு மூன்று புரொஃபைல்கள் தேவை. அறிக்கைக் கணக்குக்கு இறுக்கமான வரம்பு. எடைக் கணக்குக்குத் தாராளம். ஆனால், புரொஃபைலுக்கு வெட்டத்தான் தெரியும்; எடைக்கு முதலிடம் கொடு என்றால் அதற்குப் புரியாது. முன்னுரிமை வழங்க வள மேலாளர் என்ற வேறொரு வசதி இருக்கிறது.

எல்லா எழுத்தர்களும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். ஒருவர் கடவுச்சொல்லைத் தொடர்ந்து தவறாக அடித்துக் கணக்கு பூட்டப்பட்டால், அதை நம்பியிருக்கும் அத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் கணினிப் பொறுப்பாளர் மறப்பதில்லை. புரொஃபைலில் செய்யும் மாற்றம் அடுத்த முறை நுழைபவருக்கே பொருந்தும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது தொடாது. அதனால், மாத இறுதிக் கூலிக் கணக்குக்கான வரம்புகளை அவர் முதல் நாள் மாலையே மாற்றி வைத்துவிடுகிறார்.