ஃபிளாஷ் புரோட்டான் சிகிச்சை: மாணவர் எதைத் தேர்வது?

மருத்துவ பௌதிகத்தில் பட்டம் பெற்று ஆராய்ச்சிக்கு விஷயம் தேடி வருகிற மாணவர்களில் பெரும்பாலோர், சில ஆண்டுகளாக, ஒரே வாசலில் வந்து நிற்பதைக் கவலையோடு பார்த்து வருகிறேன். ஃபிளாஷ் என்று வழங்கும் அதிவேகப் புரோட்டான் சிகிச்சைக்குக் கணினியில் திட்டம் வகுப்பதே அவர்கள் கேட்பது. சிலரைப் புதுமையின் மோகம் இழுத்து வருகிறது. சிலரைத் தகப்பனார் அழைத்து வருகிறார். "இதைப் படித்தால்தான் வெளிநாட்டில் இடம் கிடைக்குமாமே, சார்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்க, பிள்ளை வாய் திறவாமல் நிற்கிறான்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டிப்ளமாவோ, அண்ணா பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டமோ பெற்று, ஆஸ்பத்திரியில் லீனியர் ஆக்ஸிலரேட்டரோடு பணியாற்றிக் கதிர்ப் பாதுகாப்பு அலுவலராக உயரும் ராஜபாட்டை எல்லோரும் அறிந்தது. அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. ஃபிளாஷ் துறைக்குள்தான் போவது என்று நிச்சயித்துவிட்டவர்களுக்கே இந்தக் கட்டுரை. அவர்கள் முன் நான்கு வேலைகள் இருக்கின்றன: திட்டமிடல், கற்றையை உருவாக்கும் கருவிகள், உயிரியல் பரிசோதனை, அளவீடு.

சாதாரணச் சிகிச்சையில் நிமிஷத்துக்குச் சில கிரே என்ற அளவில் பாயும் கதிரை, விநாடிக்கு 40 கிரேயோ அதற்கு மேலோ ஆன வேகத்தில் கண்ணிமைக்கும் பொழுதில் செலுத்தினால், கட்டியின்மேல் அதன் வலிமை குன்றாமலே நல்ல திசுக்களுக்கு நேரும் சேதம் குறைகிறது என்பதே ஃபிளாஷ் தத்துவத்தின் சாரம். 2014இல் ஃபாவோடோனும் அவர் சகாக்களும் பிரான்ஸில் சுண்டெலிகளின் நுரையீரலில் இதைக் காட்டினார்கள். 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், தோல் லிம்ஃபோமாவால் வருந்திய 75 வயது நோயாளிக்கு 15 கிரே, 90 மில்லிவிநாடியில் அளிக்கப்பட்டது. இவ்விரண்டும் எலெக்ட்ரான் கற்றையால் நிகழ்ந்தவை. புரோட்டானின் முறை 2020 நவம்பரில், அமெரிக்காவின் சின்சினாட்டியில் வந்தது. கை கால் எலும்புகளில் பரவிய புற்றுநோயால் வலியுற்ற 10 பேருக்கு, ஒரே வேளையில் 8 கிரே கொடுத்து, காரியம் சாத்தியமே என்று 2022இல் அறிவித்தார்கள். சாத்தியமா என்பதுதான் அங்கே எழுப்பப்பட்ட கேள்வி. நல்ல திசு காக்கப்பட்டதா என்பதை நிரூபிக்க அந்தச் சோதனை வகுக்கப்படவில்லை என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி, எல்லோரும் விரும்பும் திட்டமிடலுக்கு வருகிறேன். பழைய நோயாளிகளின் சி.டி. படங்களை எடுத்து, மென்பொருளில் ஃபிளாஷ் திட்டம் ஒன்றை வகுத்து, சாதாரணத் திட்டத்தோடு ஒப்பிட்டு, உறுப்பில் இத்தனை பங்கு 40 கிரே வேகத்தைக் கடந்தது என்று வரைபடம் போட்டால் ஒரு கட்டுரை பிறந்துவிடுகிறது. சுலபமாகப் பிறக்கிறது என்பதுதான் என் பயத்துக்குக் காரணம். டோஸ் வேகம் என்பதற்கே ஒருமித்த இலக்கணம் இன்னும் அமையவில்லை. பென்சில் போன்ற மெல்லிய கற்றை, புள்ளி வைத்துக் கோலமிடுவதுபோல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்து செல்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தரும் வேகத்தை அதன் டோஸால் நிறையிட்டுச் சராசரி காணும் கணக்கில், புள்ளிகளுக்கிடையே கழியும் காலம் விடுபட்டுப்போவதால் எண் பிரமாதமாக வருகிறது. டோஸ் சேரத் தொடங்கிய கணம் முதல் முடிந்த கணம் வரை உள்ள அவகாசம் முழுவதையும் சேர்க்கும் கணக்கிலோ, அதே திட்டம் 40ஐ எட்டாமல் நின்றுபோகிறது. நோயாளியின் உடல் எந்தக் கணக்கை அங்கீகரிக்கிறது என்பதை மென்பொருள் எப்படிச் சொல்லும்?

இத்தோடு முடியவில்லை. புரோட்டானின் பெருமையெல்லாம் பிராக் முகட்டில், அதாவது கட்டியின் ஆழத்தில் டோஸைக் கொட்டிவிட்டு அப்பால் செல்லாமல் நின்றுவிடும் குணத்தில், இருக்கிறது. ஆனால் சைக்ளோட்ரான் தருவது 230 அல்லது 250 மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஒரே சக்தி. தடுப்பைக் குறுக்கே வைத்து அதை 70க்கு இறக்கினால் மின்னோட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சக்தியை அடுக்கடுக்காக மாற்றும் நேரமும் வேகத்தைத் தின்றுவிடும். ஆகையால், 250 ஆனால் நீரில் ஏறத்தாழ 38 செ.மீ. பாயும் முழுச் சக்திக் கற்றையை உடலின் மறுபுறம் வரை ஊடுருவ விட்டுவிடுகிறார்கள். சின்சினாட்டியிலும் அவ்விதமே செய்தார்கள். முகட்டைத் துறந்த புரோட்டானால் கட்டிக்கு அப்பாலுள்ள உறுப்பும் டோஸ் பெறுகிறது. அந்த நஷ்டத்தை ஈடுசெய்யப் பல திசைகளிலிருந்து கற்றைகளை விட்டால், ஒவ்வொரு கற்றையின் பங்கும் சிறுத்துப்போகும். ஃபிளாஷ் பலனோ, ஒரே வேளையில் பெரிய டோஸ் கொடுத்தபோதே தெளிவாகப் புலப்பட்டிருக்கிறது. இந்த இடுக்கில் சிக்கிய திட்டம், இன்றுள்ள நல்ல புரோட்டான் திட்டத்தை வெல்லுமா என்பது, உயிரியல் எவ்வளவு கைகொடுக்கும் என்ற அனுமானத்தையே முற்றிலும் பொறுத்தது. அந்த அனுமானத்தை மாணவனே எழுதி உள்ளே வைத்து, பிறகு விடையாக வெளியே எடுக்கிறான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நோயாளிக்கேற்ப வார்த்தெடுத்த ரிட்ஜ் ஃபில்டர் கொண்டு ஒரே சக்திக் கற்றையை விரித்து, பிராக் முகட்டையும் வேகத்தையும் சேர்த்துக் காக்கும் முயற்சி, கைத்திறனும் இயந்திரப் பரிச்சயமும் உள்ளவர்களுக்கு உகந்தது. உயிரியலில், ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதே காரணம் என்ற பழைய விளக்கம் பலமிழந்து நிற்கையில், செய்ய வேண்டியவை ஏராளம். உயிர்களோடு பழகும் நிதானம் வேண்டும்.

என் பரிந்துரை அளவீடு. அயனி அறையில் அயனிகள் சேகரிக்கப்படுமுன் மீண்டும் இணைந்துவிடுவதால் உயர்வேகத்தில் அளவு குறைந்து காட்டும் இடர்ப்பாட்டைத் திருத்துவது, வெப்ப உயர்வைக் கொண்டு டோஸை நேரே அளக்கும் கலோரிமீட்டரை நிறுவுவது, மில்லிவிநாடிக்குள் நடப்பதைக் கணக்கிடும் உணர்கருவியைச் சோதிப்பது ஆகிய வேலைகளில் பத்திரிகைப் புகழ் இல்லை. என் உத்தியோக காலமெல்லாம் அளவுகருவிகளோடு கழிந்ததால் இப்படிச் சொல்கிறேன் என்று யாரேனும் கருதினால், கருதட்டும். நாளைக்கு ஃபிளாஷ் தத்துவம் பொய்த்துப்போனாலும் அளக்கக் கற்றவனின் வித்தை வீண்போகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எந்த வேலையானாலும் சுபாவத்துக்கு இசைந்ததாக இருந்தால்தான் பொறுமை பிறக்கிறது. பொறுமை இல்லாத இடத்தில் அதிவேகச் சிகிச்சையைக் கூட விரைந்து கற்றுவிட முடிவதில்லை. எத்தனையோ கூரிய புத்திசாலிகள், தமக்கு ஒவ்வாத துறையில் நான்கைந்து ஆண்டுகள் வாடியதை நான் கண்டிருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள்: பிள்ளையிடம் இடம் எங்கே கிடைக்கும் என்று கேட்குமுன், எந்த வேலையில் பசி மறந்து உட்காருகிறான் என்று கேளுங்கள். மாணவர்களே, சென்னைத் தரமணியில் 2019 முதல் ஒரு புரோட்டான் மையம் இருக்கிறது. அங்கேயோ, உங்களூர் ஆஸ்பத்திரியிலோ அனுமதி பெற்று, நோயாளிகள் வருமுன் காலையில் நடைபெறும் அன்றாட அளவுச் சோதனையை ஒரு வாரம் கூடவே நின்று பாருங்கள். அதன் பிறகு வந்து தலைப்பைச் சொல்லுங்கள்.