மறந்த கடவுச்சொல்லும் அடைபட்ட பணிநிலையமும்

முன்னுரை

பூட்டைச் செய்வோர் திறவுகோலையும் செய்து தருவர். அதனைப் பேணுவது உரியவர் கடன். பொறுப்பில் நேரும் மறதியைப் பொச்சாப்பு எனக் குறித்த வள்ளுவர், அதனை விலக்கத் தனி அதிகாரமே வகுத்தார். பழைய கணிப்பொறியில் அம்மறதி நேர்ந்தால் மீள்வது எங்ஙனம் என்பதைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் வழி நின்று காண்போம்.

காவலின் இயல்பு

1989-இல் வெளிவரத் தொடங்கிய இப்பணிநிலையங்களில், மின்சாரம் பாய்ந்தவுடன் விழிப்பது ‘ஓப்பன்பூட்’ என்னும் தொடக்க நிரலாகும். அதன் காவல் மூவகைப்படும். ‘நன்’ நிலையில் காவல் இல்லை. ‘கமாண்ட்’ நிலையில் கணிப்பொறி வழக்கம்போல் தொடங்கும். பிற கட்டளைகளுக்கே கடவுச்சொல் வேண்டும். ‘ஃபுல்’ நிலையிலோ தொடங்குவதற்கே கடவுச்சொல் வேண்டும். தவறான சொல்லைத் தட்டினால் ஏறத்தாழ 10 வினாடி காத்திருக்க நேரும். ‘ஸ்டாப்’, ‘என்’ விசைகளைச் சேர்த்தழுத்தி அமைப்புகளைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் வழியும் காவல் உள்ளபோது பயன்படாது.

மீளும் வழிகள்

மாணாக்கர் முதற்கண் உளங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறியை அணைத்தல் கூடாது. இயக்க அமைப்பினுள் ‘ரூட்’ உரிமையுடன் நுழைந்தவர், ‘ஈப்ராம்’ என்னும் கட்டளையால் காவலை ‘நன்’ என மாற்றிவிடலாம். பழைய கடவுச்சொல்லை அது கேட்பதில்லை. ‘கமாண்ட்’ நிலையில், அணைத்து மீண்டும் தொடங்கினாலும் இவ்வழி திறந்தே இருக்கும். ‘ஃபுல்’ நிலையில் அணைத்துவிட்டாலோ வாயில் அடைபட்டுவிடும்.

அந்நிலையில் எஞ்சுவது, கடவுச்சொல்லைத் தாங்கும் என்.வி.ரேம் சில்லை மாற்றுவதேயாகும். கணிப்பொறியின் அடையாள எண்ணும் ஈதர்நெட் முகவரியும் அச்சில்லிலேயே உள்ளன. ஆதலின் அவற்றைப் புதிய சில்லில் மீண்டும் எழுதுதல் வேண்டும். அடையாள எண்ணோடு உரிமம் பிணைக்கப்பட்ட மென்பொருள்கள், எண் மாறினால் இயங்கா. சில்லினுள் அடங்கிய மின்கலம் தீர்ந்துபோனாலும் இவையனைத்தும் அழிந்துவிடும்.

முடிவுரை

இக்கடவுச்சொல் வாயிலைக் காக்குமேயன்றி, வன்வட்டில் எழுதியவற்றை மறைப்பதில்லை. வட்டைக் கழற்றிப் பொருத்தமான வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் படிக்க இயலும். ஆகவே, பல்லாண்டு உழைப்பு அழிந்துவிட்டதென அஞ்சி, அறியாமல் எதனையும் செய்துவிடலாகாது. சன் நிறுவனமும் 2010-இல் ஆரக்கிள் வசமாயிற்று. எனவே பழைய கருவியைப் பேணும் பொறுப்பு உரியவரையே சாரும். கடவுச்சொல், அடையாள எண், ஈதர்நெட் முகவரி மூன்றையும் எழுதி முத்திரையிட்ட உறையில் வைத்து, பொறுப்பாளர் மாறும்போது கையொப்பம் பெற்று ஒப்படைத்தல் நன்று. ஒருவர் நினைவை மட்டுமே நம்பிய காவல், அவர் மறந்த அன்றே உரியவரையும் வெளியே நிறுத்திவிடும்.