கிழமை அறிதல்: மேகக் கோப்பகத்தில் உரிமையாளரைச் சரிபார்த்தல்

ஆறாம் வேற்றுமைக்குரிய பொருள் கிழமை என்பதும், அது தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும் என்பதும் மாணவர் அறிந்தனவே. ‘கண்ணனது கை’ என்புழி உடைமை உடையவனை விட்டு நீங்காது. ‘கண்ணனது வீடு’ என்புழி நீங்கும். பிறர்க்கு மாறவும் கூடும். கணினியுலகில் ஒரு செயலிக்கும் அதன் உரிமையாளர்க்கும் உள்ள தொடர்பு பின்னதன்பாற்படும். ஆதலின், இன்று உரியவர் யாவர் என்பதை அவ்வப்போது கேட்டறிதல் வேண்டும்.

2023ஆம் ஆண்டில் ‘மைக்ரோசாப்ட் என்ட்ரா ஐடி’ எனப் பெயர் மாற்றம் பெற்ற ‘அஷூர் ஆக்டிவ் டைரக்டரி’ என்னும் மேகக் கோப்பகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இது ஒரு நிறுவனத்தின் பயனர், குழு, செயலி ஆகியவற்றின் பதிவேடாகும். செயலியின் உரிமையாளர் அதற்குப் புதிய மறைச்சொல் ஒன்றைச் சேர்க்க இயலும். அதனைக் கொண்டு, செயலிக்கு வழங்கப்பெற்ற அதிகாரத்தைத் தாமே செலுத்தவும் இயலும். அனைவரின் அஞ்சலையும் படிக்கும் அனுமதி செயலிக்கு இருப்பின், அவ்வாற்றல் உரிமையாளர் கைக்கும் எட்டும். பொறுப்பு மாறியவரின் பெயர் பட்டியலில் நீக்கப்படாதிருப்பின் விளையும் இடரைக் கூறவேண்டுவதில்லை.

சரிபார்க்கும் முறையை இனிக் காண்போம். இதற்கு உதவும் ஏ.பி.ஐ. ‘மைக்ரோசாப்ட் கிராஃப்’ ஆகும்.

முதலாவது, செயலியை ஐயமின்றிக் குறித்தல். ஒரு செயலிப் பதிவுக்குச் செயலி எண், பொருள் எண் என இரண்டு உண்டு. உரிமையாளர் பட்டியலைக் கேட்கும் வழக்கமான முகவரியில் இடவேண்டியது பொருள் எண்ணே. செயலிப் பதிவு வேறு, நிறுவனத்துள் அதன் சார்பில் இயங்கும் ‘சர்வீஸ் பிரின்சிபல்’ வேறு. இரண்டிற்கும் உரிமையாளர் பட்டியலும் தனித்தனியே உண்டு.

இரண்டாவது, பயனரைக் குறித்தல். பெயரும் மின்னஞ்சல் முகவரியும் மாறக்கூடியவை. ஆகவே, கையொப்பம் சரிபார்க்கப்பட்ட டோக்கனிலுள்ள பயனரின் பொருள் எண்ணையே ஒப்பிடல் வேண்டும்.

மூன்றாவது, பட்டியலை முற்றப் படித்தல். விடை பல பக்கங்களாக வரக்கூடும். அடுத்த பக்கத்துக்கான இணைப்பு உள்ளவரை தொடர்தல் வேண்டும். முதற்பக்கத்தில் காணாமையால் ‘இல்லை’ எனத் துணிதல் பிழையாகும்.

நான்காவது, விடையின் பொருளுணர்தல். 403 என்பது கேட்டவர்க்கு அனுமதியில்லை எனப் பொருள்படும். பயனர் உரிமையாளர் அல்லர் என்று பொருள்படாது. 404 என்பது அப்பொருள் காணப்படவில்லை என்பதாகும். எண் மாறியிருக்கவும் கூடும். இவ்விடங்களில் செயலைத் தடுத்தல் முறையே. ஆயினும் ‘உரிமையில்லை’ எனத் தீர்ப்புரைத்தல் முறையன்று. ‘இல்லை’ என்பதும் ‘அறிய இயலவில்லை’ என்பதும் ஒன்றல்ல.

இன்னும் ஒன்று: செயலி நிர்வாகிப் பொறுப்பு வகிப்பவர் பட்டியலில் இடம்பெறாமலேயே செயலியை மாற்றவல்லார். ஆகவே, உரிமையாளர் யார் என்பது ஒரு வினா; மாற்றும் அதிகாரம் யார்க்கு உண்டு என்பது மற்றொரு வினா. இரண்டையும் பிரித்துக் கேட்பவரே சரியான விடை பெறுவர். சொல்லின் பொருளை வரையறுத்தறியும் இலக்கணப் பயிற்சி இத்துறைக்கும் துணையாதலை நம் மாணவர் உணர்வாராக.