ஓராண்டுப் பறவைக் கொப்பி

புதிய இடத்தில் குடியேறும் ஒரு குடும்பம் முதலில் தண்ணீரைத் தேடுகின்றது. பின்னர் விறகு, பாடசாலை, கடை, பஸ் நிற்கும் சந்தி என ஒவ்வொன்றாக அறிந்து கொள்கின்றது. மண்ணை நம்பி வாழும் மக்களுக்கு இவை மட்டும் போதா. எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வரும், காற்று எப்போது திசை மாறும், எந்த மரம் எப்போது பழுக்கும் என்னும் அறிவும் வேண்டும். பழைய ஊரில் அது பாட்டன் பாட்டியர் வழியாக நம்மை வந்து சேர்ந்தது. இடம்பெயர்ந்தபோது வீடு வாசலோடு அந்த அறிவிலும் ஒரு பங்கை நாம் இழந்தோம்.

ஊவாவில் இந்த இழப்பைப் பல குடும்பங்கள் அறியும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணில் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டு வந்த மழையால் பதுளை மாவட்டத்தில் பல மலைச்சரிவுகள் இடிந்தன. இவ்வாறு இடம் மாறியவர்கள் புதிய இடத்தைக் கற்றுக்கொள்ள ஓர் எளிய வழியை இப்பாடத்தில் காண்போம். ஓராண்டு காலம் நம்மைச் சுற்றியுள்ள பறவைகளைப் பார்த்து, படம் பிடித்து, இனங்கண்டு, ஒரு கொப்பியில் எழுதி வைப்பதே அந்த வழியாகும்.

பிறர் செய்த முயற்சிகள்

ஓராண்டில் எத்தனை பறவையினங்களைக் காணலாம் என்று தமக்குத் தாமே சவால் விடுப்போர் உலகில் பலர் உள்ளனர். அமெரிக்கரான நோவா ஸ்ட்ரைக்கர் 2015 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை 41 நாடுகளில் பயணம் செய்து 6,042 இனங்களைக் கண்டார். அதற்கு முன்னிருந்த 4,341 என்ற எண்ணிக்கையை அவர் கடந்தது கேரளத்துத் தட்டேக்காட்டில். அங்கே அவருக்கு அதைப் பெற்றுத் தந்த பறவை நமது நாட்டின் பெயரைத் தாங்கிய இலங்கைத் தவளைவாயன் ஆகும்.

தமிழ்நாட்டிலே 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. வீட்டு முற்றத்திலோ வயல் வரப்பிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டவற்றை எண்ணிப் பதிகின்றார்கள். மாணவரும் விவசாயிகளும் இதில் சேரலாம்.

நமது நாட்டில் தீபால் வரகாகொட என்பவர் 1995 இல் மழைக்காட்டில் இதுவரை கேளாத ஓர் இரவுக் குரலைக் கேட்டார். அது எந்தப் பறவை என்று அவசரப்பட்டுப் பெயர் சூட்டவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து 2001 இல் சிங்கராஜக் காட்டில் அதைக் கண்ணால் கண்டார். 2004 இல் அது உலகுக்கே புதிய ஆந்தை இனமாக அறிவிக்கப்பட்டது. தெரியாததைத் தெரியாதது என்றே குறித்து வைக்கும் பொறுமையை இவரிடம் நாம் கற்றுக்கொள்ளலாம்.

மலையகத் தோட்டங்களுக்கும் இவ்வறிவில் பங்குண்டு. மலைநாட்டு ஓடைகளில் ஒளிந்து வாழும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியின் விஞ்ஞானப் பெயரில் சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயர் இருக்கின்றது. 1955 இல் இலங்கைப் பறவைகள் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதிய ஜி. எம். ஹென்றி, 1891 இல் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இவர்கள் அறிந்தது நூலாகி நிலைத்தது. அதே மலைகளில் கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டி, நாளெல்லாம் அதே பறவைகளோடு வாழ்ந்த நமது முன்னோர் அறிந்ததை எழுதி வைப்பார் இல்லை. எழுதப்படாத அறிவு, குடும்பம் இடம்பெயரும்போது வழியிலே தொலைந்து போகின்றது.

ஏன் ஓர் ஆண்டு?

ஊவாவின் பறவைகள் எல்லாம் ஆண்டு முழுவதும் இங்கே இருப்பவை அல்ல. செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் வடக்கிலிருந்து விருந்தாளிகள் வருகின்றன. பீலியடியிலும் ஓடைக் கற்களிலும் வாலை மேலும் கீழும் ஆட்டி நடக்கும் மஞ்சள் வயிற்று வாலாட்டியும், மாலை ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை ஒலி எழுப்பும் ஆறுமணிக் குருவியும் அவ்வாறு வருபவை. காஷ்மீர் மலைகளில் குஞ்சு பொரிக்கும் சின்னஞ்சிறு காஷ்மீர் ஈபிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்க நமது மலைநாட்டைத் தேடி வருகின்றது. உலகில் தொகை குறைந்து வரும் இனங்களில் அதுவும் ஒன்று. ஏப்ரல் மாதத்துக்குள் இவை திரும்பி விடுகின்றன.

நாடா போன்ற நீண்ட வாலுடைய அரசவால் ஈபிடிப்பானைப் பாருங்கள். இங்கேயே வாழ்பவை செம்பழுப்பு நிறமுடையவை. வெண்ணிற ஆண் பறவைகள் குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வருபவை. ஜூலையில் மட்டும் பார்த்தவர் வெள்ளைப் பறவையை அறியார். ஜனவரியில் மட்டும் பார்த்தவர் இரண்டையும் இரு வேறு இனங்கள் என்று எண்ணக்கூடும். கச்சான் வீசும் வறண்ட மாதங்களையும், வாடைக்காற்று மழை கொட்டும் மாதங்களையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்தால்தான் இடத்தின் உண்மை தெரியும்.

செய்யும் முறை

1. எல்லை: வீடு, மரக்கறித் தோட்டம், ஓடை, தேயிலை மலையின் ஓரம் ஆகியவை அடங்கும் வண்ணம் அரைமணி நேரத்தில் நடந்து வரக்கூடிய ஒரு பாதையைத் தெரிவு செய்யுங்கள். வாரம் ஒரு முறை காலையில் அதே பாதையில் நடக்க வேண்டும்.

2. கொப்பி: திகதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்தது, பெயர் என ஆறு நிரல்கள் கோடிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த நிரலை வெறுமையாக விடுங்கள். நிச்சயமற்ற பெயரை எழுதுவதிலும் வெறுமை நல்லது.

3. அடையாளம்: நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றில் எதன் அளவு? அலகு தடித்ததா, மெல்லியதா, வளைந்ததா? வால் நீண்டதா? நடக்கின்றதா, தத்துகின்றதா? குரல் எப்படி? குயிலில் ஆண் கறுப்பு, பெண் புள்ளியுடைய பழுப்பு. நிறத்தை மட்டும் பார்ப்பவர் ஒன்றை இரண்டாக எண்ணி விடுவார்.

4. படம்: கைத்தொலைபேசி போதும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கையை ஒரு கம்பத்திலோ மரத்திலோ ஊன்றிக்கொண்டு, தூரத்திலிருந்தே முதற்படத்தை எடுத்து விடுங்கள். படம் தெளிவில்லாவிட்டால் குரலைப் பதிவு செய்யுங்கள். கூட்டின் அருகே செல்லவே கூடாது. தாய்ப் பறவை விலகினால் காகம் முட்டையைக் கொண்டு போகும். நமது நாட்டில் பெரும்பாலான காட்டுப் பறவைகள் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினால் காக்கப்படுபவை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

5. பெயர்: முதலில் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். யாழ்ப்பாணத்தார் புலுனி என்பதைத் தமிழ்நாட்டார் தவிட்டுக்குருவி என்பர். செண்பகம் என்பதும் செம்போத்து என்பதும் ஒன்றே. கரிச்சான் என்ற பெயரோ ஊருக்கு ஊர் வேறு பறவையைக் குறிக்கின்றது. ஆதலால் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொண்டு, பின்னர் பாடசாலை ஆசிரியரின் உதவியுடன் படத்தைப் பறவை நூலோடு ஒப்பிடுங்கள். தொலைபேசிச் செயலி சொல்லும் பெயரையும் ஒரு யோசனையாகவே கொள்ளுங்கள். இருவர் பார்த்து உடன்பட்ட பின்னரே பெயரை மையினால் எழுத வேண்டும்.

முதலாண்டில் ஒரு குடும்பம் 40 பறவைகளை ஐயமின்றி அறிந்து கொண்டால் அது நல்ல விளைச்சலே.

தோட்டத்துக்குக் கிடைக்கும் பயன்

'என்ன செய்தது' என்ற நிரலே விவசாயிக்கு மிகவும் பெறுமதியானது. இரட்டைவால் கரிச்சான் கொப்பிலோ கம்பத்திலோ அமர்ந்து, பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கின்றது. போஞ்சிப் பாத்திகளுக்கிடையில் ஆங்காங்கே குறுக்குத்தடி கட்டிய கம்பங்களை நட்டால் அதற்கு இருக்கை கிடைக்கும். புலுனிக் கூட்டம் சருகைக் கிளறிப் புழுக்களைத் தின்கின்றது. ஆந்தையை அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதன் உணவில் எலி பெரும்பங்கு வகிக்கின்றது என்பதை அறிந்தவர் கல்லைக் கீழே போடுவார்.

கிளியும் தினைக்குருவியும் தானியத்துக்குச் சேதம் விளைவிப்பது உண்மை. ஆனால் அவை எந்த வாரத்தில் வருகின்றன, நாளின் எந்த நேரத்தில் இறங்குகின்றன என்பது கொப்பியில் இருந்தால் அடுத்த போகத்தில் எந்நாளும் காவல் இருக்கத் தேவையில்லை. அந்த வாரத்தில் காத்தால் போதும். கோவாவுக்குக் கிருமிநாசினி அடித்த வாரத்தில் பூச்சியுண்ணும் பறவைகள் குறைந்தனவா என்பதையும் குறித்துப் பாருங்கள்.

நமது மாகாணத்துக்கு உரிய ஒரு சிறப்பும் உண்டு. புள்ளிக் கவுதாரி இலங்கையில் பெரும்பாலும் ஊவாவின் பத்தனாப் புல்வெளிகளிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலுமே வாழ்கின்றது. புல்லுக்குத் தீ மூட்டுவோர் அதன் வீட்டுக்கும் தீ மூட்டுகின்றார்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கங்கள்

பறவைகள் மண்சரிவை முன்கூட்டியே அறிவிக்கும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். ஆனால் பறவை பார்த்துப் பழகிய கண் நிலத்தையும் பார்க்கப் பழகும். வாரந்தோறும் அதே பாதையில் நடப்பவருக்கே மாற்றம் தெரியும். ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கங்களைச் சரிவுக்கென ஒதுக்குங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சுவர்களில் விரிசல், சாய்ந்து வரும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி ஓடும் ஊற்று, நின்றுபோன ஊற்று ஆகியவற்றைத் திகதியிட்டுப் படத்துடன் குறியுங்கள். இவற்றைக் கண்டால் மழை ஓயும்வரை காத்திராமல் வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

மீரியபெத்தை பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்து வந்தனர். அதிகாரிகளிடம் செல்லும்போது "பயமாக இருக்கின்றது ஐயா" என்று சொல்வதைக் காட்டிலும், திகதியும் படமும் உள்ள கொப்பியை மேசையில் வைப்பது வலுவானது. ஊரிலுள்ள பத்துக் குடும்பங்களிடம் அத்தகைய கொப்பி இருந்தால் அதைத் தட்டிக் கழிப்பது மேலும் கடினம்.

பறவையில் தொடங்குவோம். பிள்ளைகள் விருப்பத்தோடு வருவார்கள், முதியோர் பழைய பெயர்களை நினைவுகூர்வார்கள். ஓராண்டு முடிவில் நம் கையில் இருப்பது நாம் வாழும் இடத்தைப் பற்றி நாமே எழுதிய முதல் நூலாகும்.

குழுவில் கலந்துரையாட

1. பழைய ஊரில் நாம் அறிந்திருந்த எந்தப் பறவைகள் இங்கும் உள்ளன? எவை இல்லை? ஏன்?

2. நமது பெரியவர்களிடம் மட்டும் உள்ள, இன்னும் எழுதப்படாத அறிவு எவை? யார் எழுதுவது?

3. வாராந்த நடைக்கு எந்தப் பாதையைத் தெரிவு செய்வோம்? அப்பாதையில் நாம் கவனிக்க வேண்டிய சரிவு எது?

4. மாதம் ஒருமுறை கொப்பிகளை ஒப்பிட எங்கே, எந்த நாளில் கூடுவோம்?